குழாயடியில் ஒரு சிவப்புப் புள்ளி

ஆரணி

செல்லியம்மாளுக்கு உன் சடையன் எழுதுவது. மாலை வகுப்பில் கற்றுக்கொண்டு நானே எழுதுகிறேன், யாரும் எழுதித் தரவில்லை. மருமகள் கலையரசி, அத்தைக்கு நிதானமாகப் படித்துச் சொல். மூட்டு வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்தப் பள்ளியில் யார் எங்கே விழுந்தாலும் வாசல் காவல்காரன் நான்தான் எழுதிவைக்க வேண்டும். போன வாரம் குழாயடியில் நானே வழுக்கி விழுந்தேன். பயப்படாதே, முழங்கையில் சிராய்ப்புதான். கிழவனுக்கு முடியவில்லை என்று வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று யோசித்தேன். ஆனாலும் எழுதினேன்.

இந்தக் கணக்கையெல்லாம் பார்க்கும் லீலா டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா தாத்தா, உங்க பேரையே எழுதிகினு வந்துகிறீங்க?"

"நானும்தானேம்மா விழுந்தேன்?"

விழுந்த இடங்களைப் பள்ளியின் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைப்பார். பிள்ளைகளின் புள்ளிகளோடு எனக்கும் ஒன்று வைத்தார். குழாயடியில்தான் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. மறுநாளே கொத்தனார் வந்து பாசியைச் சுரண்டி, சொரசொரப்பாகச் சிமெண்டு பூசினார். அதன் பிறகு அங்கே யாரும் விழவில்லை. என்னையும் அனுப்பவில்லை.

வலித் தைலமும் என் பழைய போர்வையும் வந்தவாசி பஸ்ஸில் கொடுத்தனுப்பு. மணி அடிக்க நேரமாகிவிட்டது. நம் வீட்டில் உனக்கு எங்கெல்லாம் வழுக்குகிறது என்று கலையரசியை எழுதச் சொல். நான் மறைக்கவில்லை, நீயும் மறைக்காதே. சிமெண்டோடு வருகிறேன்.

சடையன்