பிரேக் கட்டைகளை ஒளித்து வைத்தவள்

என்ரை இஞ்சாருங்கோவுக்கு,

பெயர் சொல்லி உங்களை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இருபத்தேழு வருசமும் "இஞ்சாருங்கோ" தான். இன்றைக்கும் அதுதான் வாயில் வருகிறது. திரும்பிப் பார்க்க நீங்கள் இல்லை. ஆனாலும் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் ஏலாது.

எங்கள் மயூரி வீட்டை விட்டுப் போய் ஆறு கிழமை ஆகிறது. பான் நகரத்தில் ஒரு சிநேகிதியோடு இருக்கிறாள். காரணம் நான்.

நீங்கள் போன பிறகு உங்கள் பிளேன் இரண்டு வருசம் கொட்டகையிலேயே நின்றது. பீலெஃபெல்டு நகரத்துக்கு வெளியே அந்தச் சின்னப் பறப்புத் திடலில், நாலு வருசமாகச் சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் தகடு தகடாகச் சேர்த்த பிளேன். நீங்கள் உள்ளே படுத்திருந்து ஆணியின் மறுமுனையில் இரும்புக் கட்டையைப் பிடிக்க, நான் வெளியே நின்று றிவெட்டு ஆணி அடித்தேன். முதல் தடவை உங்களுக்குப் பக்கத்தில் இருந்து பறந்தபோது எனக்குப் பயமே வரவில்லை.

பயம் பிறகுதான் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி குடித்துவிட்டு வேலைக்குப் போனீர்கள். பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது, கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மூச்சில்லாமல் விழுந்து கிடக்கிறீர்கள் என்று. அதற்குப் பிறகு, கதவைத் திறந்து வெளியே போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்த வசந்தத்தில் மயூரி பிளேனைத் திரும்பவும் பறக்க வைக்க வெளிக்கிட்டாள். பிளேன் ஓட்டும் உரிமம் நீங்கள் இருக்கும்போதே எடுத்தவள்தானே. வருசப் பரிசோதனைக்கு வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சில்லுகளின் பிரேக் கட்டைகள் தேய்ந்து மெலிந்துவிட்டன, அதை மாற்றாமல் பறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அவள் அன்றைக்கே புதுக் கட்டைகளுக்குச் சொல்லிவிட்டாள்.

பார்சல் வந்தபோது வீட்டில் நான் மட்டும். உள்ளங்கை அளவு பெட்டி. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அலுமாரியைத் திறந்து கூறைச் சேலைக்குக் கீழே வைத்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். இது இல்லாவிட்டால் பிள்ளை பறக்க மாட்டாள் என்று நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

"அம்மா, பார்சல் வந்ததோ?"

"இல்லைப் பிள்ளை. வரேல்லை."

மூன்று கிழமை இதையே சொன்னேன். ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போய், அந்தப் பிளேன் நிலத்தை விட்டுக் கிளம்பக் கூடாது தாயே என்று கும்பிட்டேன். கேட்டது கிடைத்தது, இஞ்சாருங்கோ. கிடைத்த விதத்தைத்தான் தாங்க ஏலவில்லை.

கனநாள் நின்ற எஞ்சின், ஓட விடாவிட்டால் பழுதாகிவிடும் என்று ஒரு சனிக்கிழமை பிளேனை வெளியே எடுத்தாள். பறக்கவில்லை. நிலத்தில் மெல்ல ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். கொட்டகைக்கு முன்னால் ஒரு சரிவு இருக்கிறதே, அதில் இறங்கும்போது பிரேக்கை மிதித்திருக்கிறாள். வலது சில்லின் கட்டை உடைந்து கழன்றுவிட்டது. இடது பக்கம் மட்டும் பிடிக்க, பிளேன் சுழன்று கதவுத் தூணில் செட்டை நுனியை அடித்துக்கொண்டு நின்றது. முன்னால் கையை ஊன்றியவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். "அப்பாவின்ரை பிளேனை உடைச்சுப் போட்டன் அம்மா. பார்சல் வருமட்டும் பொறுத்திருக்க வேணும். என்ரை பிழை."

நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தேன். பெட்டியை ஒளித்தது பயத்தில். அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது எதில்? நீங்கள் இருந்தால் இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

நாலாம் நாள் பெட்டியைக் கொண்டுபோய் அவளுடைய கட்டிலில் வைத்தேன்.

"இது எப்ப வந்தது?"

"போன மாசம்."

"ஆர் வாங்கினது?"

"நான்தான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் செத்துப் போயிருந்தாலும் வரேல்லை எண்டுதான் சொல்லியிருப்பீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஒற்றைக் கையால் உடுப்புகளை அடுக்கினாள். உதவி செய்யப் போனேன், தள்ளிவிட்டாள். பின்னேர ரயிலில் போய்விட்டாள்.

எனக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. அவள் கட்டிலிலேயே விட்டுப் போன பெட்டியை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். பக்கத்துக் கொட்டகை ஹெல்முட் எங்கள் பிளேனின் செட்டை நுனியைத் திருத்திக்கொண்டிருந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "கட்டையை மாற்றத் தெரியுமா?" என்று ஜேர்மனில் கேட்டார். றிவெட்டு அடிக்கத் தெரியும் என்றேன். போல்டு கழற்றும் சாவிகள் இருந்த பெட்டியை என் முன்னால் தள்ளிவிட்டார்.

பிளேனை முண்டு கொடுத்து உயர்த்தினோம். இரண்டு போல்டைக் கழற்ற, கட்டை பொருத்திய தகடு கையோடு வந்தது. பழைய கட்டையின் ஆணிகளைத் தட்டி எடுத்து, புதுக் கட்டையை அதே தகட்டில் வைத்து அடித்தேன். என் கோபமோ என்னவோ, ஓர் அடி கூடிவிட்டது. கட்டை டக்கென்று வெடித்தது. அந்தச் சீமெந்துத் தரையில் குந்தியிருந்து உங்களைக் கூப்பிட்டு அழுதேன். ஹெல்முட் வெளியே போய் நின்றார். ஒரு கட்டையைக்கூட ஒழுங்காகப் போட ஏலாதவள், பிள்ளையை எப்படிக் காப்பாற்றப் போகிறாள்?

திரும்பவும் கட்டை வாங்கினேன். இந்தத் தடவை பெட்டி வந்ததும் படம் எடுத்து மயூரிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. நாலு கட்டைகளையும் மெல்ல மெல்ல அடித்தேன். ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. போல்டுகளை அளவாக இறுக்கினேன். ஹெல்முட் பார்த்தார். பரிசோதகரும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

போன ஞாயிறு மயூரி வந்தாள். வீட்டுக்கு இல்லை, நேரே திடலுக்கு. கையில் கட்டு இல்லை. தரையில் படுத்து, லைட் அடித்து, ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தாள்.

"ஆர் போட்டது?"

ஹெல்முட் என்னைக் காட்டினார். அவள் எழும்பிப் போய்ப் பிளேனில் ஏறினாள். புதுக் கட்டை சூடேறிப் பதிய வேண்டும் என்று பிளேனை ஓட்டி ஓட்டிப் பிரேக் பிடித்தாள். கடைசியில் அந்தச் சரிவில் இறங்கினாள். பிளேன் நேராக நின்றது.

"நல்லாப் பிடிக்குது," என்றாள்.

"வீட்டை வாறியா பிள்ளை? சோறு காய்ச்சி வைச்சிருக்கிறன்."

"இப்ப ஏலாது அம்மா. எனக்கு உங்களிலை இன்னும் கோவம்." கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினாள். "வாற ஞாயிறு பறக்கப் போறன். நிக்கிறதெண்டால் வாங்கோ. வேண்டாம் எண்டு மறிக்கிறதெண்டால் வராதேங்கோ."

நாளைக்கு ஞாயிறு. மூன்று பேர் பார்த்த ஆணிகள்தான். ஆனால் அடித்தவள் நான் அல்லவா? அந்த ஆணிகளில் ஒன்று பிசகியிருந்தால்? அவள் ஏறும்போது நான் எந்த முகத்தோடு நிற்பது? சொல்லுங்கோவன்.

நான் போவேன். மறிக்க மாட்டேன். பயமா என்று அவள் கேட்டால், ஓம் என்று சொல்வேன், இனி அதையும் ஒளிக்க மாட்டேன். அவள் நிலத்தில் இறங்கி, சில்லு நின்று, எஞ்சின் ஓயும் மட்டும் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மனுசி,
மயூரியின் அம்மா