நாற்காலிகளுக்கு இடம்

சரஸ்வதிபுரம், மைசூர்
12.1.1997

அன்புள்ள சென்னப்பா,

கௌதம புத்தர் போதி மரத்தடியில் தரையில் உட்கார்ந்த நாளிலிருந்து யாரும் கைவைக்கத் துணியாத ஒரு விஷயத்தில் நேற்று மாலை நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். இனி எங்கள் மன்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்தும் தியானம் செய்யலாம்.

எளிதில் வந்த முடிவல்ல. மனோதத்துவப் பேராசிரியை கனகலக்ஷ்மி மேடம், முழங்கால் வலியும் துக்கம்தான், துக்கத்தை நீக்குவதுதான் நம் வேலை என்றார். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் மல்லப்பன் சார் வழிமொழிந்தார். தலைவர் என்ற முறையில் தீர்மானத்தை நானே வாசித்தேன். நாற்காலிகள் வெள்ளைப் பிளாஸ்டிக். வைக்க இடம் போதாததால் பாதியைக் கடையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இன்னொரு செய்தி. 'பௌத்த தியான மன்றம்' இப்போது 'மன அமைதி மன்றம்'. ஹெப்பாள் தொழிற்சாலைகளிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். மதம் என்றால் தயங்குகிறார்கள். தோலை உரித்துப் பழத்தை மட்டும் கொடுக்கிறோம்.

எனக்குத்தான் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கண்ணை மூடினால், ஃபேனை இவ்வளவு வேகமாக வைத்தது யார் என்று ஓடுகிறது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாக ஒரே அறையில் இருந்தபோது நீ தலை சாய்த்ததும் தூங்கிவிடுவாய். அது எப்படியடா?

உன்
சேகரன்


சாம்பியன் ரீஃப்ஸ், கோலார் தங்கவயல்
25.1.1997

அன்பு சேகரா,

நாற்காலிக்கு வாழ்த்து. தூக்கத்தின் ரகசியம் ஒன்றுமில்லை. பகலில் வேலை செய்தேன்.

மாயாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் உங்கள் ஊர், அசோகபுரம். ஹெப்பாளில் ஒரு பாக்டரியில் லேத் வேலை. பெயர் மஞ்சுநாத். புத்தர் வீட்டில் சிவன் பெயரா என்று கேட்காதே. அவன் அப்பா பௌத்தத்துக்கு மாறுவதற்கு முன்பே அவன் பிறந்துவிட்டான். மே 22, வைசாகப் பௌர்ணமி.

இப்போது உன்னிடம் வருகிறேன். என் அப்பா ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த அந்த வெள்ளைக்கல் புத்தரின் முன்னால்தான் எங்கள் வீட்டுக் கல்யாணம் எல்லாம் நடந்தது. போன வருஷம் நீ வந்து, "விகாரை மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கிறோம்டா, சிலையை எங்ககிட்ட விடு" என்றபோது, மாயா கல்யாணத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில்தான் கொடுத்தேன். "என்னைக் கேக்காம குடுத்துட்டியேப்பா, நான் யார் முன்னாடி நிக்கிறது?" என்கிறாள்.

பழைய முறையைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று நினைக்காதே. அப்பா காலத்தில் புத்தம் சரணமும் பஞ்ச சீலமும் தமிழில் சொன்னார்கள். என் கல்யாணத்தில் பக்கத்தில் அம்பேத்கர் படம் வந்தது. இப்போது மாப்பிள்ளை வீடியோ கேட்கிறான். எல்லாம் வரட்டும். ஹாலை ஒரு காலைப்பொழுது மட்டும் விடு.

சென்னப்பன்


மைசூர்
16.2.1997

அன்புள்ள சென்னப்பா,

மாயாவுக்கு என் ஆசி. உன் கடிதத்தைப் படித்ததும் கமிட்டியைக் கூட்டினேன். கருத்துகள் பல கோணங்களிலிருந்து வந்தன.

கனகலக்ஷ்மி மேடம், கல்யாணம் ஒரு சடங்கு, இது சடங்கற்ற இடம் என்றார். "இன்னிக்குக் கல்யாணம்னு விட்டா நாளைக்குச் சீமந்தம், காதுகுத்துன்னு வருவாங்க சார்." மேலும், புத்தரே மனைவியை விட்டுப் போனவர், அவர் முன்னால் கல்யாணம் பொருத்தமா என்றும் கேட்டார். ஆழமான கேள்வி. மல்லப்பன் சார், "பொண்ணு யார் கடெ, சேகர் சார்?" என்றார். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்கிறார், பொதுஅறிவுக்காகத்தான். உறவினர் என்பதுபோல ஏதோ சொல்லி வைத்தேன்.

சிலை பத்திரமாக இருக்கிறது. நாற்காலி அடுக்கும் அறையில் தற்காலிகமாக வைத்திருக்கிறோம். அது இருந்த மேடையில் இப்போது டேப்ரிக்கார்டர். சரணம் சொல்வதற்குப் பதிலாக ஓடை ஓடும் சத்தம் போடுகிறோம். அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனக்கு மட்டும் அதைக் கேட்டதும் பாத்ரூம் போகவேண்டும்போல் இருக்கிறது.

கவலைப்படாதே. நான் இருக்கிறேன்.

சேகரன்


சாம்பியன் ரீஃப்ஸ்
2.3.1997

சேகரா,

மேடத்திடம் சொல்: புத்தர் மனைவியை விட்டுப் போனது உண்மை. ஆனால் போகும்போது அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

மல்லப்பன் சாருக்கு நானே பதில் தருகிறேன். பொண்ணு தங்கவயல் மாரிக்குப்பம் கடெ. சுரங்கத்துக்குள் இறங்கிய தாத்தா, புத்தரைக் கும்பிட்ட தாத்தா, இருவரும் ஒருவரே. நூறு வருஷமாக நாங்கள் பௌத்தர் என்ற பெயரை வைத்திருப்பது, அந்தக் கேள்வியை இனி யாரும் கேட்கக்கூடாது என்றுதான்.

அப்ரண்டிஸ் நாளில் உன் அம்மா நம் அறைக்கு வந்தார்கள். என்னை யாரோ பிள்ளைமார் வீட்டுப் பையன் என்று சொன்னாய். எனக்கும் சேர்த்துத் தட்டில் தோசை விழுந்தது. நான் சாப்பிட்டேன். நீ சொன்னதைத் திருத்தவில்லை. அது உன் அம்மா. இது கமிட்டி. அங்கே போய் நான் யார் என்று சொல். என் பொண்ணுக்கு நீ சித்தப்பா. பத்திரிகை அடிக்க வேண்டும், சீக்கிரம் எழுது. முடியும் என்றாலும் சரி, முடியாது என்றாலும் சரி.

சென்னப்பன்


மைசூர்
13.4.1997

அன்புள்ள சென்னப்பா,

தாமதத்துக்கு மன்னிப்பாய். இந்த ஒரு மாதமாக எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாற்காலியில் இருந்தால் தரை தேவலை என்று தோன்றுகிறது, தரையில் இருந்தால் நாற்காலி.

உன் விஷயம் நேற்று ஓட்டெடுப்புக்கு வந்தது. சமரசத் திட்டம் ஒன்றும் வைத்தார்கள்: தாலி, மாலை, சாப்பாடு, பேச்சு இல்லாமல், 'இருவர் மன ஒருமை நிகழ்ச்சி' என்ற பெயரில் நடத்தலாம். அதற்கும் எதிர்ப்பு. இரண்டு பக்கமும் கைகள் சமமாக நின்றன. தலைவரின் கைதான் மீதி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ சொல்லச் சொன்னது தொண்டை வரை வந்தது. அந்த நேரத்தில் எனக்குப் புத்தரின் மத்திம மார்க்கம் நினைவுக்கு வந்தது. எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ஆகவே விஷயம் ஜூன் மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஆனால் உனக்கு ஒரு நல்ல செய்தி. வைசாகப் பௌர்ணமி மாலை நம் மன்றத்தில் 'வாழும் பௌத்தம்' என்ற தலைப்பில் பேச உன்னை அழைப்பதென்று ஒருமனதாக முடிவாகியிருக்கிறது. அதற்கு நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

உன்
சேகரன்


சாம்பியன் ரீஃப்ஸ்
1.6.1997

மன அமைதி மன்றத் தலைவர் அவர்களுக்கு,

பௌர்ணமியன்று விடிந்ததும் மாப்பிள்ளையின் தம்பியோடு உங்கள் மன்றத்துக்கு வந்தேன். வாட்ச்மேன் தொட்டையன் கதவைத் திறந்துவிட்டார். சிலையின் மேலும் முன்னும் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "இவுரு இங்க இருக்காருன்னே தெரியாதுங்க சாமி" என்றார். மூவரும் தூக்கிக் கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றினோம்.

அசோகபுரத்தில் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். சரணமும் சீலமும் தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை சொன்னோம். கேமரா ஓடவில்லை என்று வீடியோக்காரர் சொன்னதால் இன்னொருமுறையும் சொன்னோம். கூட்டம் அதிகம். உட்கார நாற்காலி போதவில்லை. பெரியவர்கள்கூட நின்றார்கள்.

அழைப்பிதழைப் பெற்றுக்கொண்டதாக உங்கள் கையெழுத்திட்ட பதிவுத்தபால் அட்டை எனக்குத் திரும்பி வந்தது. "சித்தப்பா வருவாரு, கொஞ்சம் இருங்க" என்று தாலி எடுத்த பிறகும் மாயா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் பேச வர இயலவில்லை. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
கோ. சென்னப்பன்


மைசூர்
20.7.1997

அன்புள்ள சென்னப்பா,

போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. மழையில் தபால் தவறியிருக்கலாம். உன் கடிதத்தில் என்னை 'உங்கள்' என்று எழுதியிருந்தாய். அவசரத்தில் கைதவறியிருக்கும்.

அன்றைக்கு நான் புறப்பட்டேன். செருப்புகூட மாட்டிவிட்டேன். அசோகபுரம் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் மல்லப்பன் சார் நின்றிருந்தார். "எங்கெ சார், புது வேட்டியெல்லாம்?" என்றார். மன்றத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு அங்கேதானே போக வேண்டும். மாலையில் நீ வராததால் 'வாழும் பௌத்தம்' பற்றி நானே பேசினேன். நன்றாக இருந்தது என்றார்கள்.

மாயாவுக்கு ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கி வைத்திருக்கிறேன். அவர்கள் குங்குமம் வைப்பார்களா என்று கடையில் நின்றபோதுதான் யோசித்தேன். உன்னிடம் கேட்டதில்லை. ஒரு வரி எழுது.

இங்கே வேறு விசேஷமில்லை. அந்த அறையில் மூலை காலியானதால், கடையில் நிறுத்தி வைத்திருந்த மீதி நாற்காலிகளும் நேற்று வந்துவிட்டன.

உன்
சேகரன்