டாக்டர் சொல்லாதது

2006 ஜூன் 14, புதன்

காலையிலிருந்து தூறல், பாலக்காட்டுக் காற்று. கோவை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் தனியாக. இவருக்கு ஷிப்மெண்ட் அவசரம், கம்பெனியை விட்டு நகர முடியாதாம். அம்மாவின் கிட்னியை எனக்கு வைத்து இரண்டு வருஷம். எப்போதும் இவர்தான் டாக்டரிடம் பேசி வருவார். நான் ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பேன்.

கிரியாட்டினின் சரி. பிரஷர் சரி. எனக்கு மீசை முடி முளைப்பது மாத்திரையால்தானாம், டாக்டரம்மா டோஸ் குறைத்திருக்கிறார்.

எழுந்தபோது டாக்டரம்மாவே கேட்டார். "வீட்டுக்காரரோட சேர்ந்து இருக்கறதுல ஒண்ணும் சிரமமில்லையே?"

"நீங்கதான் கூடாதுன்னீங்களாமுங்க. புதுக் கிட்னிக்கு ஆகாதுன்னு."

பேனாவைக் கீழே வைத்தார். "நானா? புண் ஆறினதுமே தடையில்லைன்னு அவர்கிட்ட சொன்னேனே. குழந்தை வேணும்னா மட்டும் முன்னாடியே வரச் சொன்னேன், மாத்திரை மாத்தணும்னு."

திருப்பூர் வந்ததே தெரியவில்லை. கண்டக்டர் வந்து எழுப்பினார். தூங்கவில்லை நான்.

15, வியாழன்

ரசத்தில் உப்பு இரண்டு முறை.

ஹாலில் பாய் போட்டுப் படுப்பவரைப் பார்த்து எத்தனை அழுகை, என்னால் இவருக்கு இந்தக் கதி என்று. வேறு கல்யாணம் பண்ணிக்குங்க என்றுகூடச் சொன்னேன். "நீ உசுரோட இருந்தாப் போதும் கண்ணு" என்றார். அன்றைக்கு இவர் காலைத் தொட்டேன்.

உடம்பு தேறத் தேற ஆசையும் வந்தது. திருடியதைப் போல ஒளித்து வைத்திருந்தேன் அதை.

16, வெள்ளி

மாமியார் கோயிலுக்குப் போனதும் கேட்டேன். "ஏனுங்க, டாக்டர் உங்ககிட்ட என்னதான் சொன்னாங்க?"

சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன்னையக் குழாயும் ரத்தமுமாப் பார்த்ததுல இருந்து தொடக் கை வரலை. உங்கம்மா கிட்னி வேற. பக்கத்துல வந்தா அவங்களே இருக்கற மாதிரி தோணுது. இதை எப்படிச் சொல்றது?"

"டாக்டர் சொன்னதாச் சொல்ல முடிஞ்சுதுங்களே."

பயம் என்று சொல்லியிருந்தால் சேர்ந்து பயந்திருப்பேன்.

18, ஞாயிறு

வெயில். தாராபுரத்திலிருந்து மாமியாரின் தங்கை. காபி கொடுத்தேன். மாமியார் குரலைத் தாழ்த்தாமலே, "டாக்டர் ஆகாதுன்னுட்டாங்களாமா. என்ற பையன் இவளுக்காகச் சாமியாராட்ட இருக்கறான்."

ஆக, தன் அம்மாவிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறார்.

வந்தவர் இவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர் அப்படிச் சொல்லலீங்க, சின்னத்தை" என்றேன். "இவருதான் சொன்னாருங்க."

இவர் எழுந்து வண்டிச் சாவியைத் தேடினார். டி.வி. மேலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.