செத்துப்போன கேப்டன் விஷயமாக

கண்ணு,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடு. மத்தியானம் குழாய் ரிப்பேர்காரர் வருவார். கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்.

நாம் பார்த்த டிவி தொடரின் கேப்டனை வைத்து நீ எழுதி, நேற்று ஆசையாகக் காட்டிய கதையின் முதல் பக்கத்திலேயே, "கேப்டன் நாலாவது சீசனில் செத்தாச்சு, இது செல்லாது" என்று சிவப்பு மையில் எழுதித் தொலைத்தேன். "போங்கப்பா, இனிமே எழுதவே மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாய். என்ன செய்வது, பென்ஷன் ஆபீஸ் புத்தி. செத்தவர் நேரில் வந்து நின்றாலும் உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் கேட்கும்.

காலையில் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் மீதியைப் படித்தேன். தொடரில் கேப்டன் செத்தபோது டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவன் நான். உன் கதையில் அவர் தன் கப்பலின் கதவையே தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் வெங்காயம் என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுக்காதே.

அப்பா

பி.கு.: வெளியே போனால் சாவி பக்கத்து வீட்டு அத்தையிடம்.

இன்னொன்று: கேப்டன் கதவைத் தட்டியதோடு பக்கம் தீர்ந்துவிட்டதே! தொடர்காரர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் கிடக்கட்டும். அந்த மனுஷன் இன்னும் வெளியே நிற்கிறார். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அவரை உள்ளே விடு, தாயே.