ஜனவரி ஒன்றில் பிறந்த பதினோரு பேர்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியம் என்று அதே மூச்சில் எழுதக் கை வரவில்லை, ஆனால் பயப்படாதே, முழுக்கப் படி. இருமல் நிற்கவில்லை என்று அப்பாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம், நுரையீரலில் பட்டாணி அளவு ஒரு புள்ளி. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஸ்கேனிலும் இதே அளவு இருந்தால் விட்டுவிடலாம், இல்லாவிட்டால் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும், பழைய படத்தைக் காட்டுங்க என்றார் டாக்டர். அங்கேதான் வந்தது வினை. போன மாதம் எங்கள் ஸ்கேன், எக்ஸ்ரே பிரிவில் படங்களைச் சேமிக்கப் புது சாஃப்ட்வேர் போட்டார்கள், பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் அது எல்லோரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது. பதிவு கவுண்டரில் கூட்டம் நெரிக்கும்போது தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று, வருடம் உத்தேசம் என்று தட்டிவிடுவது எங்கள் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பாவைப் பதிந்தது நான்தான். அவர் தேதி எனக்குத் தெரியாதா, விரல் தானாக ஜனவரி ஒன்றை அடித்திருக்கிறது. இப்போது அதே பெயரில் பதினோரு பேர் ஒரே கோப்பில் கிடக்கிறார்கள், படம் எடுத்த தேதியும் அழிந்துவிட்டது. மற்றவர்களின் முழங்கால் படங்களும் அதில் கலந்திருப்பதைக் கேட்டு, உன் அம்மா எனக்கு ஏழு முழங்கால் வாங்கிக் குடுத்திருக்கா என்று அப்பாவுக்குக் கிண்டல் வேறு. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டால் புகார் எண் குடுத்தாச்சே மேடம், வரிசைப்படிதான் வரும் என்கிறார். சூப்பர்வைசரோ, உங்க வீட்டுக்காரர்னாதான் அவசரம் தெரியுதா என்று குத்தினாள்.

மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு நெஞ்சாகத் திறந்து பார்த்தேன். முன்பு ஏணியிலிருந்து விழுந்தபோது முறிந்து கோணலாகக் கூடிய அப்பாவின் விலா எலும்பு ஐந்தாவது படத்தில் இருந்தது. தப்பாகப் பதிந்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே படத்தை டாக்டருக்கு அனுப்பவிட்டார்கள். புள்ளி அன்றும் இதே அளவுதான், ஊசி வேண்டாம் என்றுவிட்டார். நிம்மதியைவிட எனக்கு எரிச்சல்தான் அதிகம், முக்கால்வாசி என்மேலேயே. மீதிப் பத்துப் பேருக்கும் எலும்பைப் பார்த்து அடையாளம் சொல்ல யார் இருக்கிறார்கள்? யார் எப்போது எதற்குப் படம் எடுத்தார்கள் என்று போனில் கேட்டுப் பிரித்து வைக்கப்போகிறேன், யார் என்ன சொன்னாலும் சரி.

உடம்பும் மனசும் திடமாக, நீண்ட காலம் நன்றாக இரு. ஞாயிறன்று அப்பாவைக் கூப்பிடு, ஒன்றுமே நடக்காத மாதிரி பேசுவார், நீயும் நம்பின மாதிரியே இரு.

இன்னும் பத்துப் பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய,
உன் அம்மா