தீபன் உட்கார்ந்ததாகச் சொன்ன நாள்

மார்ச் 4, திங்கள்

துளசி ஏழரைக்கே ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் உதவியாளர். செமோரில் எங்கள் வீட்டில் நானும் தீபனும் மட்டும். எங்கள் மகனுக்கு இன்றோடு ஏழு மாதம்.

கையுறை ஆலையில் பதினோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். என் கீழே நாற்பது பேர். நவம்பரில் ஆலையை மூடினார்கள். இப்போது என் கீழே ஒரே ஆள். வேலை நேரத்தில் தூங்குகிறான். உட்காரச் சொன்னால் சாய்கிறான். இன்று அதிகபட்சம் மூன்று விநாடி. பிறகு அரிசி மூட்டை மாதிரி இடது பக்கம்.

மார்ச் 6, புதன்

குடும்ப வாட்சப் குழுவில் தைப்பிங்கிலிருந்து ஒரு வீடியோ. துளசியின் அக்கா தினேஸ்வரி அனுப்பியது. அவள் மகள் தீபனைவிட இரண்டு வாரம் இளையவள். பாயின் நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவள் போல எல்லாரையும் பார்க்கிறாள். 'ஒன்னுமே சொல்லிக் குடுக்கல, அவளா உக்காந்துட்டா' என்று கீழே எழுதியிருந்தது.

அந்த 'ஒன்னுமே சொல்லிக் குடுக்கல' எனக்காகவே எழுதியது என்றேன் துளசியிடம். உங்களுக்கு வேற வேலை இல்ல என்றாள்.

உண்மைதான். இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

இணையத்தில் ஆர்டர் செய்திருந்த குழந்தை நாற்காலி வந்தது. பச்சை பிளாஸ்டிக், தொடை நுழைய இரண்டு ஓட்டை, முன்னால் ஒரு தட்டு. வைத்தேன், உட்கார்ந்தான். இருபது நிமிடம்! தூக்கப் போனால் நாற்காலியும் சேர்ந்து வந்தது. துளசி பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, நான் நாற்காலியை இழுத்தேன்.

பக்கத்து வீட்டு சக்கீனா அக்கா வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரோடு சாப்பாட்டுக் கடை நடத்தி, அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு இப்போது வீட்டில் இருப்பவர். பிள்ளையை எதுக்குப் பூட்டி வைக்கிறாய் தம்பி என்று கேட்டார். பூட்டவில்லை அக்கா, பயிற்சி என்றேன்.

மார்ச் 13, புதன்

நான் செய்தது எனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

காலையில் தினேஸ்வரி இன்னொரு வீடியோ போட்டாள். அவள் மகள் உட்கார்ந்தபடியே கைதட்டுகிறாள். நான் தீபனைப் பாயில் வைத்து, அவன் சட்டைக்குள் பின்பக்கமாக இடது கையைவிட்டு முதுகைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் படம் எடுத்தேன். என் கை தெரியவில்லை. 'இன்னிக்கி உக்காந்துட்டான்' என்று போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதினேழு பேர் வாழ்த்தினார்கள்.

பிறகு துளசி போனில் கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "நான் இல்லாதப்பவா உக்காரணும்?" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் பல் துளைக்கும் சத்தம் கேட்டது. அவளை யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கேக்கோடு வந்தாள். தீபனை உட்கார வைத்துப் பார்த்தாள். சாய்ந்தான். களைப்பு என்றேன்.

மார்ச் 14, வியாழன்

இன்றும் களைப்பு.

மார்ச் 24, ஞாயிறு

துளசிக்கு விடுமுறை. காலையிலிருந்து அவனோடு பாயில் கிடந்தாள். சாய்ந்துகொண்டே இருந்தான். பகலில் என்னோடு உட்காருகிறான் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் ஒரு நாளைக்கு ஒரு பொய் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். நேற்று பத்து விநாடி என்றேன். ஆலையில் இப்படிப் பொய் அறிக்கை கொடுத்த ஒருவனை நானே வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறேன்.

மத்தியானம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் நின்றாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

ஏப்ரல் 3, புதன்

எட்டாம் மாதப் பரிசோதனை. அரசாங்கக் கிளினிக்கில் தாதி மலாய்க்காரப் பெண், பொறுமைசாலி. துணையில்லாமல் உட்காருகிறானா என்று கேட்டார். துளசி நிமிர்ந்து, போன மாதமே உட்கார்ந்துவிட்டான் என்றாள். தாதி பிள்ளையின் பரிசோதனைப் புத்தகத்தைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் சொல்லிவிட்டேன். இல்லை, உட்காரமாட்டான், படத்தில் பின்னால் என் கை இருந்தது. அதை மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் சொல்வதைவிட அசிங்கமாக இருந்தது.

தாதி என்னைத் திட்டவில்லை. தீபனைக் கட்டிலில் உட்கார வைத்துக் கையை எடுத்தார். விழுந்தான். ஈப்போவில் இயன்முறை மருத்துவரைப் பார்க்கக் கடிதம் கொடுத்தார். தசையில் ஏதாவது குறை இருக்குமா என்று கேட்டேன். பார்த்தால்தான் தெரியும் என்றார்.

காரில் திரும்பினோம். சமிக்ஞை விளக்கில் நின்றபோது துளசி சொன்னாள்:

"நான் வேலைக்குப் போறதாலதான் எங்கிட்ட உக்கார மாட்டேங்குறான்னு நெனச்சேன். மூணு வாரமா அப்படித்தான் நெனச்சேன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்குக் கியர் போட வரவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

பேச்சு இல்லை. சாப்பாடு மேசையில் இருக்கிறது. சாப்பிடச் சொல்ல ஆள் இல்லை. தசை நோய்களைப் பற்றி இணையத்தில் படித்தேன். ஒவ்வொன்றும் தீபனுக்கு இருப்பதாகவே பட்டது. அவன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறான். பயமா இருக்குடா.

ஏப்ரல் 17, புதன்

இயன்முறை மருத்துவர் ஷஹீராவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தமிழில்தான் பேசினார். கால், கை, முதுகு எல்லாம் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அவன் எங்கெங்கே இருப்பான் என்று கேட்டார்.

பெருமையாகத்தான் சொன்னேன். காலையில் ஸ்பிரிங் தொட்டில், பிறகு பச்சை நாற்காலி, பிறகு தள்ளுவண்டி, மத்தியானம் மறுபடி தொட்டில், சாயங்காலம் என் மடி.

"அப்போ தரையில?"

யோசித்தேன். தரை சில்லென்று இருக்கும் என்றேன். துளசி என்னைப் பார்த்தாள். பதினான்கு நாளில் முதல் தடவை.

"நோவு ஒன்னும் தெரியலண்ணே. முதுகு கொஞ்சம் தளர்வா இருக்கு, அவ்ளோதான். நீங்க அவன விழவே விடல. விழுந்தாத்தான அவன் கைய ஊனுவான்?"

குப்புறப் போட்டு விளையாட விடச் சொன்னார். நாற்காலி வேண்டாம். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். ஆக, இத்தனை மாதமாக இந்த வேலைக்குத் தடையாக இருந்தது சூப்பர்வைசர்தான்.

ஏப்ரல் 19, வெள்ளி

குப்புறப் போட்டேன். கத்தினான். நானும் எதிரே குப்புறப் படுத்தேன். இரண்டு நிமிடம் தாங்கினான். எனக்குத்தான் எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆனது.

ஏப்ரல் 24, புதன்

துளசி வந்ததும் பையை வைக்காமலேயே கேட்டாள்: "இன்னிக்கி எத்தன நிமிஷம்?"

ஆறு என்றேன். அவள் என்னையே பார்த்தாள். ஆறுதான், சத்தியமா, என்றேன். சரி என்றாள்.

மே 5, ஞாயிறு

இரண்டு கையையும் முன்னால் ஊன்றித் தவளை மாதிரி உட்கார்ந்தான். அரை நிமிடம். துளசியும் பார்த்தாள். இருவரும் போனைத் தொடவில்லை.

மே 14, செவ்வாய்

பத்து காஜா டவுன் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. இருபதாம் தேதி சேர வேண்டும். ஆறு மாதமாக வேண்டிக்கொண்டது இந்த வாரமா வர வேண்டும்? பகலில் சக்கீனா அக்கா பார்த்துக்கொள்வார். செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். படிக்கவில்லை.

மே 20, திங்கள்

முதல் நாள். தீபனைக் கூட்டிவரப் போனபோது சக்கீனா அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ போய் அரை மணியில உக்காந்துட்டான்லா. கைய ஊனாம. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்த துளசியிடம் சொன்னேன். அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

மே 26, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தீபன் கூடத்து நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மைலோ டின் மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று சாய்ந்தான். நான் பாதி எழுந்துவிட்டேன். துளசி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்க."

கொஞ்ச நேரம் மேலே சுழலும் விசிறியைப் பார்த்தபடி கிடந்தான். அழவில்லை. பிறகு உருண்டான், கையை ஊன்றினான், வழுக்கினான், மறுபடி ஊன்றினான். குழம்பு ஆறிப்போனது. அவன் பின்பக்கத்தைத் தள்ளித் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்து முடிக்கும் வரை அவள் என் கையை விடவில்லை. அதற்குப் பிறகும்.