சந்துக்குள் வரும் வண்டி

மன்னார்புரம்,
திருச்சி.

அன்புள்ள ஜாஸ்லின் அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் அத்தையும் ஜாஸ்லினும் நானும் சுகம். கார் பேச்சை போனில் எடுத்தாலே "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஜெபராஜ் அண்ணன் திங்கட்கிழமை தோஹா கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் புக் செய்யச் சொன்ன பெரிய எலக்ட்ரிக் காரை ஓட்டிப் பார்க்க ஷோரூமிலிருந்து கொண்டுவந்தார்கள். நம் சந்தின் டிரான்ஸ்ஃபார்மர் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. எதிர்வீட்டு ஜெகபர் சாதிக் பாய் பைக்கையும் பூந்தொட்டிகளையும் நகர்த்திக் கொடுத்தும் திரும்பவில்லை. "மெயின் ரோட்டுல நிறுத்திக்கலாம் மேடம்" என்றார் வந்தவர். அவ்வளவு தூரம் எப்படி வயர் இழுத்து சார்ஜ் போடுவது என்று கேட்டேன். அங்கே வரை நடந்து வந்த அத்தைக்கு அந்த உயரம் ஏற முடியவில்லை. கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

என்னோடு ஸ்கூலில் வேலை பார்க்கும் கமலினி டீச்சரிடம் சின்ன எலக்ட்ரிக் கார் இருக்கிறது. போன சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போய் அதைக் கேட்டு வாங்கி, நானே ஓட்டிவந்தேன். காவிரிப் பாலத்தில் பயந்து பயந்து மெதுவாக உருட்டினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்ததும் பயம் விட்டுப்போனது. வண்டி நேராக நம் வாசலில் வந்து நின்றது. தண்ணீர் மோட்டார் பிளக்கிலேயே சார்ஜ் ஏறியது.

மறுநாள் பூசைக்குப் போனோம். ஈஸ்டருக்குப் பிறகு அன்றுதான் அத்தை கோயிலுக்கு வந்தார்கள். திரும்பும்போது, "என் மவன் ஓட்டுற வண்டியில போவேன்னு நெனச்சேன். மருமவ ஓட்டுறா" என்றார்கள்.

வேளாங்கண்ணிக்கு எப்படிப் போவது என்று கேட்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை போகிறோம், அதற்கு ரயில் இருக்கிறது. ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் மார்க்கெட்டும்தான் நமக்கு தினமும்.

அந்தப் பெரிய காருக்காகத்தானே அங்கே இன்னும் மூன்று வருட வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள்? சின்ன காரின் தவணையை என் சம்பளமே தாங்கும். புக்கிங் என் பெயரில் இருந்ததால் நேற்று அதை ரத்து செய்துவிட்டேன். சின்னதற்குச் சொல்லியாகிவிட்டது. கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வண்டி கைக்கு வந்துவிடும். ஏர்போர்ட் நமக்குப் பக்கம்தான். எந்த நேரத்து விமானமானாலும் நானே வந்து நிற்பேன். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
சுஜா